இரண்டு விரல் கனம்

ஜனவரி 9

அன்புள்ள நூலகரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது; பேச்சு குறையவில்லை. உன் புது அறை எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ராத்திரி பயமில்லாமல் தூங்குகிறாயா என்று வரிசையாகக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

கல்யாணமாகி ஆறே மாதத்தில் மருமகளைத் தூக்கி வேறு ஊர் நூலகத்தில் போட்ட துறைக்குக் குடும்பம் குட்டி என்று எதுவும் கிடையாதா என்று தினமும் கேட்கிறாள். என்னிடம்தான் கேட்கிறாள், துறையே நான்தான் என்பது போல.

ஒரு செய்தி. போன வார வெள்ளத்தில் ஒரு முழு மரம் மிதந்து வந்து நம் வீட்டுப் பின்பக்கக் கரையில் ஒதுங்கியது. படகுத்துறைக் காவல்காரரிடம் கேட்டேன். “எடுத்துக்கோ, எனக்கு ஒரு தொல்லை விட்டது” என்றார். பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து மேலே இழுத்துப் போட்டோம். நேரான மரம். கட்டிப் பிடித்தால் என் இரண்டு கைவிரல்களும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரே மரத்தைக் குடைந்து தோணி செய்வார்களே, அப்படி ஒன்று செய்யப் போகிறேன், கையாலேயே.

பக்கத்துத் தெருத் தச்சர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இதுல கட்டில் போடலாம், கதவு போடலாம். இன்ஜின் ரிப்பேர் பண்றவன் தோணி குடையறேன்னு சொன்னா, முதல்ல காய்ச்சல் இருக்கான்னு பார்க்கணும்” என்றார். அம்மா உடனே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இத்தனை வருஷமாக அடுத்தவர் படகுக்கு இன்ஜின் பார்க்கிறேன். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன் நூலகத்தில் இதைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்குமா, பார்த்து எழுது.

இரண்டு மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாயே. யாரிடமாவது கேட்டாயா?

இங்கே பாய் விரித்தால் அகலமாக இருக்கிறது.

அன்புடன்,
நான்தான்


ஜனவரி 21

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். தண்ணீர் காலையில் வருகிறது. நன்றாகத் தூங்குகிறேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, தெருவைப் பார்க்காத ஒரு ஜன்னல். மாலையில் வந்து கதவைச் சாத்தினால் கீழே யாரோ வாளி வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். மற்றபடி சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

கிடங்கு அறையில் தேடியதில் அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. யாரோ ஒரு வன அதிகாரி தான் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தின் இரண்டு முனைகளும்தான் முதலில் காய்ந்து வெடிக்குமாம். அங்கே கொழுப்போ மெழுகோ பூச வேண்டும். மரத்தை எப்போதும் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். முதலில் கவிழ்த்துப் போட்டு வெளிப்பக்கத்தைச் செதுக்க வேண்டும். உள்ளே குடையும்போது எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அதற்கு ஒரு வழி சொல்கிறார். வெளிப்பக்கத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஒரே நீளத்தில் வெட்டிய சிறு முளைகளை அடித்து இறக்கிவிட வேண்டும். முளையின் உள்முனையில் கரி பூசியிருக்க வேண்டும். உள்ளிருந்து குடைந்துகொண்டே வரும்போது கரி தெரிந்தால், போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வெட்டும் கூடாது. கடைசியில் உள்ளே வெந்நீர் ஊற்றி மரத்தை இளக்கி, குறுக்கே கட்டைகள் கொடுத்து விரிக்க வேண்டும்.

பக்கச் சுவர் இரண்டு விரல் கனம், அடி மூன்று விரல் கனம் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் குழம்பாமல் இருக்க, கீழே விரலை வைத்து இருபுறமும் கோடு போட்டிருக்கிறேன். முளையை அதன் மேல் வைத்து அப்படியே வெட்டிக்கொள்ளலாம்.

மாற்றல் பற்றித் துறையில் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி


பிப்ரவரி 16

அன்புள்ள நூலகரம்மாவுக்கு,

நலம். உன் சளி போயிற்றா? சளி இருந்ததாக நீ எழுதவில்லை. எல்லோரும் ஏதாவது கேட்பார்களே என்று கேட்டேன்.

கடிதத்தின் அடியில் ‘இப்படிக்குத் தங்கள் மனைவி’ என்று போட்டிருந்தாய். அலுவலக முத்திரை குத்தினது போல இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். “மரியாதை தெரிஞ்ச பொண்ணு. உனக்கு எங்க தெரியும்?” என்றாள்.

வேலை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க, மற்ற நாட்களில் பட்டறை முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை. மரத்தின் முனைகளுக்கு மெழுகு பூச வேண்டும் என்றாயே, நம்மிடம் இன்ஜின் கிரீஸ் டப்பா டப்பாவாக இருக்கிறது, அதைப் பூசிவிட்டேன். தச்சர் தன் வாய்ச்சியை இரவல் கொடுத்தார். மண்வெட்டியைக் குழந்தையாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அது. காலை அகட்டி நின்று, நம் பாதத்தை நோக்கியே வெட்ட வேண்டும். முதல் நாள் அம்மா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வெட்டுக்கும் “காலு, காலு” என்றாள். வெட்டைவிட அதுதான் பயமாக இருந்தது.

வெளிப்பக்கம் ஒரு மாதிரி வந்துவிட்டது. முன்பக்கம் கொஞ்சம் இடதுபுறமாகப் பார்க்கிறது. யாரையோ தெருவில் பார்த்தும் பார்க்காதது போலப் போகிறவன் முகம் மாதிரி. போகட்டும், நம் படகுதானே.

முளைகளை உன் கோட்டின் மேல் வைத்து வெட்டினேன். அம்மா அடுப்புக்கரியைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பூசிக் காயவைத்தாள். நேற்று எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். இனி திருப்பிப் போட்டுக் குடைய வேண்டியதுதான்.

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ஆறிவிட்டது. இதை எழுதத்தான் இவ்வளவு நாள்.

துறையில் கேட்டாயா?

அன்புடன்,
நான்தான் (தங்கள் கணவன் என்று போட வேண்டுமோ)


பிப்ரவரி 27

அன்புள்ள உங்களுக்கு,

நலம். கொப்புளத்துக்கு மருந்து போட்டீர்களா? கையில் துணி சுற்றிக்கொண்டு வெட்டலாம் அல்லவா? அத்தை பக்கத்தில் நின்று பயமுறுத்துவதைப் படித்து, வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தபோதே சிரித்துவிட்டேன். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே.

இங்கே கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு ஒட்டும் வேலை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பசை காயும்வரை காத்திருக்கும்போது, ஒட்ட வேண்டியதைத் திறந்து படித்துவிடுகிறேன். அதனால் வேலை மெதுவாக நடக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். தோணியில் எத்தனை பேர் உட்காரலாம்? அத்தை, நீங்கள், நான் மூவரும் என்றால் அகலம் போதுமா? விரிக்கும்போது எவ்வளவு விரியும் என்று புத்தகத்தில் தெளிவாக இல்லை.

மாற்றல் விஷயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 15

அன்புள்ள நூலகரம்மாவுக்கு,

நலம். ‘தங்கள்’ போய் ‘உங்கள்’ வந்திருக்கிறது. கவனித்தேன்.

குடைகிறேன். தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. ஒரு நாள் முழுக்க வெட்டினால் ஒரு கூடைச் சிராய்தான். நேற்று முதல் கரிமுனை தெரிந்தது. மையிட்ட கண் ஒன்று திறந்தது போல இருந்தது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். “அட, நான் பூசின கரி” என்றாள். அவளுக்கு மரம் பெரிதில்லை, கரிதான் பெரிது.

எத்தனை பேர் என்று கேட்டாய். ஒருத்தர்.

மரம் சிறியது என்பதால் இல்லை. இரண்டு பேருக்கும் இடம் வரும். ஒருத்தருக்கு என்று நினைத்துத்தான் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மரத்தை விட்டுக் குடைகிறேன், உட்காரும் பலகையாக. இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இங்கே இருந்தபோது சாயங்காலம் புத்தகத்தோடு படித்துறையில் போய் உட்காருவாய், வீட்டுக்கு முதுகைக் காட்டி. அம்மா கூப்பிடுவாள், எழுந்து வருவாய். திரும்பப் போய் உட்காருவாய். அடுத்து நான் வருவேன். என்ன படிக்கிறாய் என்று கேட்பேன். எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. உன்னிடம் பேச வேறு ஒன்றும் தோன்றாமல் கேட்பேன். நீ விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டே பதில் சொல்வாய். அந்த விரலைப் பார்த்திருக்கிறேன்.

ஆற்றின் நடுவே போய்விட்டால் யார் கூப்பிட்டாலும் காற்று என்று இருந்துவிடலாம். அதற்குத்தான்.

மாற்றல் கிடைத்து நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
நான்தான்


ஏப்ரல் 22

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அத்தையும் நீங்களும் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இருப்புக் கணக்கெடுப்பு நடந்தது, வேலை அதிகம்.

தோணி பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பல முறை படித்தேன்.

உங்கள் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

உங்கள்,
மனைவி


மே 4

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதறது.

நல்லா இருக்கியாம்மா? எனக்கு எழுத்து கோணலா வரும், பார்த்துப் படிச்சுக்கோ. பென்சில்தான் கிடைச்சுது. நான் எழுதினேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே.

இங்க நல்லா இல்லை. போன மாசம் அவன் நம்ம ஊர் லைப்ரரிக்குப் போனான். உன் இடத்துக்கு வந்திருக்கிற அந்த அம்மாகிட்ட, உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்கன்னு கேக்கறதுக்கு. திரும்பி வந்தவன் சாப்பிடலை. என்னடான்னா ஒண்ணுமில்லைங்கறான். ரெண்டு நாள் கழிச்சு நானே போய் அந்த அம்மாகிட்டக் கேட்டேன். நீயே எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போனதா சொன்னாங்க. அவங்க மேல தப்பில்லை, எங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டாங்க.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை தோணிக்கு வெந்நீர் ஊத்தி விரிச்சான். நானும் அண்டா அண்டாவா காய்ச்சிக் குடுத்தேன். நல்லாத்தான் விரிஞ்சுது. அப்புறம் ஒரு சத்தம். ஒரு பக்கம் என் முழங்கை நீளத்துக்குப் பிளந்துடுச்சு. அவன் திட்டலை, கத்தலை. தார்ப்பாயை எடுத்து மூடிட்டுப் போய்ப் படுத்துட்டான். திட்டியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

ஏம்மா, என்னாலதான் போனியா? என் வாய்தான் காரணம்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். நினைச்சுப்பேன், ஆனா நீ சொல்லு. இந்த வயசுல வாயை மாத்த முடியுமான்னு தெரியலை. பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


மே 12

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அத்தை எப்படி இருக்கிறார்கள்? இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மாற்றலை நான்தான் கேட்டு வாங்கினேன். துறை அனுப்பவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

உங்கள் மேலோ அத்தை மேலோ வருத்தம் இருந்து போகவில்லை. வருத்தம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் திரைதான். காலையில் கண் விழித்ததும் யாராவது ஏதாவது கேட்பீர்கள், அன்பாகத்தான் கேட்பீர்கள். பதில் சொல்லிச் சொல்லி, மாலைக்குள் எனக்குள் பேச ஆளே இல்லாமல் போய்விடும். உள்தாழ்ப்பாள் இருந்தது குளியலறையில் மட்டும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து படிப்பேன். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நீங்கள் மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கி வந்தீர்கள், நினைவிருக்கிறதா? அதைக் குடித்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அதைக் குடித்த பிறகுதான் நிஜமாகவே வயிறு கெட்டது.

நல்லவர்களாக இருக்கும் இரண்டு பேரிடம் ‘கொஞ்ச நேரம் என்னை விடுங்கள்’ என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்திருந்தது. எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். பரிசு கிடைத்தது போல இருந்தது. இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் தபால்காரர் எந்தத் தெருவுக்கு எப்போது வருவார் என்று தெரிந்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பிறகு எழுத முடியாமல் போனது கணக்கெடுப்பினால் இல்லை.

தோணி பிளந்ததற்கும் நான்தான் காரணமோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ‘இரண்டு விரல்’ என்று எழுதிய அந்த அதிகாரி, மரம் வெட்டும் ஆளின் விரலைச் சொல்லியிருப்பார். நான் என் விரலை வைத்துக் கோடு போட்டேன். உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். சுவர் முழுக்கவே மெலிந்துபோயிருக்கும்.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. அத்தையிடம் மட்டும், அவர்கள் பேச்சு காரணமில்லை என்று சொல்லுங்கள். முழுக் காரணம் இல்லை என்று சொல்லுங்கள்; அதுதான் உண்மை.

உங்கள்,
மனைவி


ஜூன் 3

அன்புள்ள நூலகரம்மாவுக்கு,

நலம். அம்மாவும் நலம். யாருக்கும் கடிதம் எழுதவில்லை என்கிறாள். வீட்டுப் பென்சில் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ‘முழுக் காரணம் இல்லை’ என்பதைப் படித்துக் காட்டினேன். “பாதி நான்தான்னு சொல்றா. பரவாயில்லை, நான் முழுசும்னு நினைச்சேன்” என்றாள்.

கடிதம் கிடைத்த அன்றே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.

உன் இடத்துக்கு வந்தவரிடம் பட்டறையிலிருந்து நேராகப் போனேன். மனு எழுத உதவி செய்யுங்கள் என்றேன். “அவங்களே கேட்டு வாங்கிட்டுப் போனாங்களே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். “தெரியும் தெரியும், மறந்துட்டேன்” என்றேன். இப்படி ஒன்றை ஒருத்தன் மறப்பானா? கையைக் கழுவாமல் போயிருந்தேன். மேஜையில் நான் கை வைத்த இடத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.

நீ போனதற்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உண்டு. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எழுதினாயே, அதற்கு அதைவிட அதிகம். அம்மாவை நாலு மாதம் துறையைத் திட்டவைத்தாய். வாளி விஷயத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கோபத்தில் இருக்கும்போது ஒருத்தனைச் சிரிக்கவைக்கக் கூடாது.

உன் கோட்டை எடுத்து என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது விரல் பாதிதான் அடங்குகிறது. முளை வெட்டும்போதே ஒல்லியாகப் பட்டது. நூலகரம்மா போட்ட கோடு, நமக்கு என்ன தெரியும் என்று வெட்டிவிட்டேன். அதனால் பாதித் தப்பு எனக்கு. இந்த வீட்டில் எல்லாமே பாதிப் பாதியாகத்தான் இருக்கிறது.

தார்ப்பாயை இன்னும் எடுக்கவில்லை. ஒட்டுப் போடலாம் என்கிறார் தச்சர். எனக்கு மனம் வரவில்லை.

வருவதாக இருந்தால் வர மனம் இருந்து வா. தோணிக்காக வராதே. என்னைப் பார்த்துப் பாவம் என்று வராதே. நான் மரத்தைக் குடைந்தது உன்னைக் கட்டி இழுக்க இல்லை.

நான்தான்


ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? கோபம் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைக்கூட மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் விடுமுறை எடுக்கலாம் என்று இருக்கிறேன். வர மனம் இருக்கிறது. அங்கேயே இருந்துவிடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ‘இருந்துவிடுவேன்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அது சிரப் குடித்த கதையாகிவிடும்.

விடுமுறைக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் உங்களைக் கேட்கிறேன். வரட்டுமா?

உங்கள்,
மனைவி


ஜூன் 17

அன்புள்ள நூலகரம்மாவுக்கு,

நலம். வா.

சனிக்கிழமை வந்தால் படகுத்துறையில் இருப்பேன். கோபம் கொஞ்சம் மீதி இருக்கும், கண்டுகொள்ளாதே. புத்தகம் எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவா, மூட்டையை நான் தூக்குகிறேன்.

நான்தான்


ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

இன்ஜின் ரிப்பேருக்குப் போன இடத்தில், மேல்துறையில், நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? உங்கள் கழுத்துப் பிடிப்பு விட்டதா? நின்றுபோன அந்தப் பயணிகள் படகு இன்ஜின் கிளம்பிவிட்டதா? இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. எழுதும்போது அத்தை இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். கேட்காமல் போவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நடையிலேயே தெரிகிறது.

தோணியை இறக்கிவிட்டோம். நீங்கள் வரும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். “அவன் இருந்தா விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கழுத்துத் தண்ணி வரைக்கும் கூடவே வருவான். இப்பவே இறக்கு” என்று அத்தைதான் சொன்னார்கள். தச்சர் ஒரு முனையைப் பிடித்தார். நான் வந்த பிறகு நாம் சேர்ந்து போட்ட ஒட்டைத் தட்டிப் பார்த்தார். உள்ளே தகடு, வெளியே தகடு, நடுவில் உங்கள் இன்ஜின் ரப்பர், நெடுக போல்ட்டு. “இதுல எங்க பெட்ரோல் ஊத்தணும்?” என்று கேட்டார்.

ஏறி உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. இடதுபுறமாகவே இழுக்கிறது. வலதுபுறம் ஒரு துடுப்புப் போட்டால் இடதுபுறம் இரண்டு போட வேண்டும். இப்படியும் அப்படியுமாக ஆற்றின் நடுவே போய்ச் சேர்ந்தேன். ஒட்டின் ஓரத்தில் நீர் கசிந்து பாதம் நனைந்தது. காலைத் தூக்கிப் பலகையில் மடித்து வைத்துக்கொண்டு, எடுத்துப் போன புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். கரையில் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, “சத்தம் போடாதீங்க, என் மருமக படிக்கிறா” என்று எதிர்க்கரைக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். நேற்று உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை ஓயாமல் கூப்பிட்டார்கள், பழைய பழக்கம். எனக்குப் பழையபடி மூச்சு முட்டியது. எழப் போனவள், “இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வரேன் அத்தை” என்றேன். சொல்லிவிட்டுப் பயந்து உட்கார்ந்திருந்தேன். “சரி” என்றார்கள். ஆனால் போகவில்லை. பக்கம் முடியும்வரை திரைக்கு அந்தப் புறமே நின்றார்கள்; கீழே பாதங்கள் தெரிந்தன. அந்தப் பக்கத்தில் என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நான் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு காரியம். இந்த ஊர் நூலகத்துக்கே திரும்பி வர ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். உடனே கிடைக்காது. இடம் காலியாக வேண்டும். ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை அந்த மாடி அறை இருக்கும், சனிக்கிழமைப் படகும் இருக்கும். அவசரம் இல்லாமல் இருப்பது எனக்கு நல்லதாகத்தான் படுகிறது. உங்களுக்கும் மீதிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

காரணம் என்ற இடத்தில் போன தடவை ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை வேறு எழுதியிருக்கிறேன். துறையில் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் அவர்கள் அதை இரண்டாவதாகத்தான் படிக்க வேண்டும்.

அதனால் தபாலில் சேர்க்கவில்லை. சனிக்கிழமைக்குள் இன்ஜினை எப்படியாவது கிளப்பிவிட்டு வந்துவிடுங்கள். வந்து உட்கார்ந்து படியுங்கள். ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், அடித்துவிட்டு எழுதலாம். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள்,
நான்தான்